முள் பார்ப்பவனின் கை

ரேடியோ நிகழ்ச்சி ஓடுகிற ஒரு மணி நேரமும் பிச்சையா அண்ணாச்சி வேறெதையும் பார்க்க மாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இசக்கிராஜின் வலது கையை மட்டும்தான் பார்ப்பார். கை மேலே போனால் அதே பேச்சை இன்னும் இழுப்பார். கீழே இறங்கினால் ஒரு விளம்பரத்தைப் போட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

திரையையே அவர் பக்கம் திருப்பி வைத்துவிடலாமே என்று இசக்கிராஜ் ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"அதெல்லாம் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும்ல. கைன்னா மேளக்காரனுக்குத் தாளம் போடுத மாதிரி. நீ ஆட்டு, நான் வாசிக்கேன்" என்றார்.

திரையில் இருந்தது பழைய ஸ்கூட்டரின் பெட்ரோல் முள் மாதிரி ஒரு படம். முள் இடது ஓரத்தில் கிடந்தால் கேட்பவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று அர்த்தம். வலது ஓரத்துக்குப் போனால் கொதிக்கிறார்கள். கேட்பவர்கள் என்றால் மனிதர்கள் இல்லை, பதிலிகள். 'நாடி' என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மாவட்டம் முழுக்க இரண்டாயிரம் பேரை நாள்கணக்கில் பேட்டி எடுத்து, அவர்கள் பேசும் விதம், கோபப்படும் விதம், வாய்க்குள்ளேயே முழுங்கும் விதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிச் செய்த ஆட்கள். தேர்தலுக்குத் தேர்தல் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம். பதிலியைக் கேட்டால் போதும், அசல் ஆள் என்ன சொல்வாரோ அதையே சொல்லும். முழக்கம் எஃப்.எம். தன்னுடைய 'கேளும்வே' நிகழ்ச்சியைத் தினமும் மாலை இந்த இரண்டாயிரம் பேருக்கும் ஓட விட்டது. அவர்கள் கொதித்த அளவுக்கு முள் நகர்ந்தது.

தனியார் வானொலிகளும் அரசியல் பேசலாம் என்று சட்டம் மாறி ஆறேழு வருடமாகிவிட்டது. ஆளுக்கொரு டி.வி. வைத்திருந்த கட்சிகள் ஆளுக்கொரு எஃப்.எம். தொடங்கின. பாளையங்கோட்டையில் முழக்கம் வந்தது அப்படித்தான்.

இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன் இசக்கிராஜ். கொஞ்ச காலம் வெளிநாட்டுக்காரர்களின் பில் சந்தேகங்களுக்கு ராத்திரி முழுக்கப் பதில் சொல்லும் வேலை. பிறகு நாடியில் பேட்டி எடுக்கும் வேலை. அங்கிருந்து இந்த நாற்காலி. முள் பார்ப்பவன் என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதை அவன் வீட்டில் யாரும் நம்பவில்லை. கையைத் தூக்குவதற்கு ஒரு சம்பளமா என்று அக்கா சிரித்தாள்.

அன்று சாயங்காலம் முள் ஆரம்பத்திலிருந்தே நடுவில் மப்பாகக் கிடந்தது. இடைத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. குடிநீர், ரோடு, எதிர்க்கட்சி வேட்பாளரின் இரண்டாவது வீடு என்று அண்ணாச்சி எதையெதையோ எடுத்துப் பார்த்தார். கை கீழேயே இருந்தது. கடைசியில் மேஜை மேலிருந்த ஒரு தாளைத் தட்டினார்.

"கேளும்வே! வாக்காளர் பட்டியல்ல உம்ம பேரு இருக்கான்னு பாத்தீரா? பாத்திருக்க மாட்டீரு. நீரு செத்துட்டீரு வே! உயிரோட உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருக்கீரு, பட்டியல்ல செத்துப் போயிட்டீரு. கொன்னது ஆரு? கத்தி எடுக்கல, கம்பு எடுக்கல. ஒரு ஆபீசரு. பேனாவ வச்சே ஊரையே கொன்னுருக்கான்."

முள் துள்ளியது. இசக்கிராஜ் கையைத் தூக்கினான்.

"எனக்கு அவன் பேரு தெரியும். ஊரு தெரியும். வீட்டுக்கு முன்னால என்ன மரம் நிக்குன்னு தெரியும். சொல்லவா?"

முள் வலது ஓரத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது. இவ்வளவு தூரம் அது போய் அவன் பார்த்ததில்லை. கையை இதற்குமேல் தூக்க இடமில்லை.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி பாட்டைப் போட்டார்.

வெளியே வந்ததும் டீ கிளாஸை வாங்கிக்கொண்டு அந்தத் தாளை இசக்கிராஜிடம் நீட்டினார். "மாவட்டம் அனுப்பியிருக்காரு. ரெண்டு பேரு இருக்கு. ஆம்பளை பேரை மொதல்ல சொல்லுவோம். பொம்பளை பேரைச் சொன்னா நாளைக்கு மாதர் அணியே நம்மள வையும்."

மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். பதவியையே பெயராக வைத்துக் கூப்பிடுவது கட்சிக்காரர்கள் பழக்கம்.

தாளில் முதல் பெயர்: சொரிமுத்து, கிராம நிர்வாக அலுவலர், பனையடிப்புதூர். இரண்டாவது: செல்லக்கனி, கிராம நிர்வாக அலுவலர், சுனைக்குளம்.

இசக்கிராஜ் முதல் பெயரை இன்னொரு தரம் படித்தான். "அண்ணாச்சி, இது எங்க அத்தான். மாடத்தி அக்கா வீட்டுக்காரரு."

பிச்சையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மைக் இல்லாத நேரத்தில் சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டார். "நெசமாவா?"

"செத்தவங்க பேரையும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனவங்க பேரையும் எடுக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. எடுத்தாரு. அதுல என்ன அண்ணாச்சி தப்பு?"

"தப்புன்னு ஆரு சொன்னா? கோவம் இருக்கு. அதுக்கு ஒரு பேரு வேணும். பேரு இல்லாத கோவத்த எத்தன நாளு வச்சிருக்க முடியும்?" டீயை ஆற்றினார். "போன வருசம் அந்த ரேசன் கடைக்காரன் பேரைச் சொன்னமே, என்னாச்சு?"

"கடையை உடைச்சாங்க."

"ஆளை உடைச்சாங்க. நீ கடைன்னு சொல்லுத." "எனக்கு ஒரு வழிதான்டே இருக்கு. நாளைக்கு அந்த இடம் வரும்போது உன் கையப் பாப்பேன். கை இறங்கினா விட்டுருதேன். முள்ளு இறங்கிட்டுன்னு மாவட்டத்துக்கிட்ட சொல்லிக்கிடலாம். மேல இருந்தா என்னால விட முடியாது."

"முள் இறங்காது அண்ணாச்சி."

"நான் முள்ளையா பாக்கேன்னு சொன்னேன்?" என்று கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே பஸ் பிடித்துப் பனையடிப்புதூர் போனான். அத்தான் லுங்கியோடு உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு முன்னால் வேப்பமரம் நின்றது. இத்தனை வருடத்தில் அந்த மரத்தை அவன் அன்றுதான் பார்த்தான் என்று தோன்றியது.

விஷயத்தைச் சொன்னதும் அத்தான் சிரித்தார். "கேளும்வே! அது இன்னும் வருதா? எவன்டா கேக்கான் அத?"

"ஜில்லாவே கேக்கு அத்தான்."

"ஒரு மாசம் கேட்டோம். பெறவு ஒரே கத்தலா இருக்குன்னு உங்க அக்காதான் அணைச்சா. தலைவலி வருதுன்னா. ஏட்டி, அந்த ரேடியோ எங்க கிடக்கு?"

"பரண்ல" என்றாள் மாடத்தி அடுக்களையிலிருந்து. "ஏல ராசு, சாப்பிட்டுட்டுப் போ. உங்க ஆபீஸ்ல குடுத்த குக்கர்லதான் வச்சிருக்கேன்."

மூன்று வருடத்துக்கு முன்னால் பேட்டிக்கு ஆள் பிடிக்கிற வேலையில் அவன் முதலில் பிடித்தது அக்காவைத்தான். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்களுடைய பக்கத்து வீடு. தெரியாத ஆள் ஒரு வாரம் உட்கார்ந்து மனசைத் திறந்து பேச மாட்டான். பேசினவர்களுக்கு ஆளுக்கொரு குக்கர். அப்படியென்றால் அக்காவும் அந்த இரண்டாயிரத்தில் ஒருத்தி. அவளுடைய பதிலியும் இன்றைக்கு முள்ளை வலது பக்கம் தள்ளியிருக்கிறாள். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினான்.

காலையில் நாடி அலுவலகத்துக்குப் போனான். வானொலி நிலையத்துக்கு மேல் மாடிதான். அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு எமிமா மேடம். புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். காலை நேரத்தில் யாரிடமும் பேசப் பிடிக்காதவர்.

"மேடம், எங்க அக்காகிட்ட பேசணும்."

"போன் பண்ணுங்க."

"உள்ள இருக்கிற அக்காகிட்ட."

எமிமா நிமிர்ந்து பார்த்தார். "தனித்தனியா பேச விடறது இல்ல இசக்கி. எதுக்கு?"

சொன்னான். அவர் ஒன்றும் கேட்காமல் விசைப்பலகையில் தேடி எடுத்து ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தார்.

"யாரு, ராசுவா? சாப்பிட்டியால?"

அதே குரல். 'சாப்பிட்டியா'வில் இருக்கும் அதே இழுப்பு.

"சாப்பிட்டேன்க்கா. கேளும்வே கேக்கியா?"

"கேக்காம? தினமும் அதான கேக்கேன்."

"நேத்து ஒரு ஆபீசர் பேரைச் சொல்லுதேன்னாரே."

"சொல்லட்டும். நடுரோட்டுல நிறுத்திச் செருப்பால அடிக்கணும் அவன. எத்தன பேரு வயித்தெரிச்சலு!"

"அது அத்தான்க்கா."

ஒலிபெருக்கியில் சின்ன இரைச்சல் மட்டும் வந்தது.

"எந்த அத்தான்?"

"சொரிமுத்து அத்தான். உன் வீட்டுக்காரரு."

"எவனா இருந்தா எனக்கென்னல? என் பேரையே வெட்டினவன் ஆரா இருந்தா என்ன?"

"உம் பேரை யாரும் வெட்டலக்கா. நான் பாத்தேன், பட்டியல்ல இருக்கு."

"அண்ணாச்சி சொன்னாரே" என்றது மாடத்தியின் குரல். அதற்கு மேல் அதற்குச் சந்தேகமே இல்லை.

எமிமா ஒலியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செஞ்சப்போ இப்படி இல்ல. உங்க அக்காவையும் இதையும் பக்கத்துல வச்சுச் சோதிச்சோம். உங்க அம்மாவுக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

"பெறவு என்ன ஆச்சு?"

"ஒரு நிகழ்ச்சியைக் கேட்க வச்சா, முடிஞ்சதும் அந்த ஞாபகத்தை அழிச்சிடணும். அடுத்த நாள் பழைய ஆளாவே வந்து உட்காரணும். முதல்ல அப்படித்தான் பண்ணினோம். முள் மந்தமா இருக்குன்னு கீழேயிருந்து சத்தம். நேத்துக் கேட்டதை இன்னிக்கு மறந்துட்டா அது எப்படி மக்கள் மாதிரி ஆகும்னு கேட்டாங்க. கேள்வி நியாயமாத்தான் பட்டுச்சு. அழிக்கிறதை விட்டுட்டோம்."

"அப்போ மூணு வருசமா..."

"மூணு வருஷமா தினமும் ஒரே ஒரு நிகழ்ச்சி. வேற பேப்பர் இல்ல, பக்கத்து வீடு இல்ல, கல்யாணம் காட்சி இல்ல. உங்க அக்கா தலைவலிக்குதுன்னு அணைச்சுட்டாங்க. இதுக்கு அணைக்கத் தெரியாது. அணைக்கிறதுக்கு ஒரு வழி வைக்கணும்னு எங்க யாருக்கும் தோணல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உள்ள இருக்கிறது இப்போ ஜனங்க இல்ல இசக்கி. ரெண்டாயிரம் பிச்சையா."

"அப்போ இத நிறுத்துங்க மேடம்."

"நிறுத்தி? இதை வச்சு மூணு வருஷம் கட்சிக்கு அறிக்கை கொடுத்திருக்கேன். யாரை நிறுத்தலாம், எதைப் பேசலாம், யாரை ஒதுக்கலாம், எல்லாம் இதுதான். ஜனங்க கொதிக்கிறாங்கன்னு நான் எழுதினதை நம்பி அவங்க பாதிக் கட்சியை மாத்திட்டாங்க. இப்போ போய் வெளியில எவனும் கொதிக்கல, எல்லாரும் ரேடியோவைப் பரண்ல போட்டுட்டான்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

"இன்னிக்குச் சாயங்காலம் மாவட்டம் வர்றாரு. நீங்களே சொல்லுங்க, பாப்போம்" என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் நிகழ்ச்சி தொடங்கியபோது முள் ஏற்கெனவே பாதிக்கு மேல் நின்றது. நேற்றைய கோபத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்திருந்தார்கள் இரண்டாயிரம் பேரும். அண்ணாச்சி வணக்கம் சொன்னதற்கே அது வலது பக்கம் சாய்ந்தது.

"நேத்துச் சொல்லுதேன்னேன். எத்தன பேரு வே போன் போட்டுக் கேட்டிய!"

போன் போட்டதெல்லாம் கட்சி இளைஞரணிப் பையன்கள். இசக்கிராஜுக்கு ஒவ்வொருவன் குரலும் தெரியும். ஒரே பையன் மூன்று ஊர்ப் பெயரில் பேசுவான்.

"ஊரு... பனைமரத்துக்குப் பேரு போன ஊரு. வீட்டு முன்னால ஒரு மரம் நிக்கு. பனை இல்ல, வேப்பமரம். அந்த நெழல்ல உக்காந்துதான் உம்ம பேரை வெட்டினான். அவன் பேரு..."

அண்ணாச்சி நிறுத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

முள் வலது ஓரத்தில் அதிர்ந்துகொண்டு நின்றது. இசக்கிராஜ் கையை இறக்கி மேஜை மேல் வைத்தான். கவிழ்த்து வைத்தான்.

அண்ணாச்சியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அவன் பேரைச் சொல்லுததுக்கு முன்னால" என்று நகைக்கடை விளம்பரத்தைப் போட்டார். உள் மைக்கில் அவர் குரல் வந்தது. "இறங்கிட்டோ?"

"இறங்கிட்டு அண்ணாச்சி."

"சரிடே. உன் கை."

அப்போதுதான் பின்னால் கதவு திறந்தது. அத்தர் வாசனை முதலில் வந்தது. பிறகு மாவட்டம், பின்னால் இரண்டு பேர்.

"என்னடே, பேரைச் சொல்லுத நேரத்துல வளையல் விக்கான்?" இசக்கிராஜின் தோள் மேல் கையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "முள்ளுக்கு என்ன? முட்டிக்கிட்டுல்லா நிக்கு! உன் கை ஏன் கீழ கெடக்கு?"

சொல்லுங்க பாப்போம் என்றாரே எமிமா. இப்போது சொல்லலாம். அது ஜனங்கள் இல்லை, வெறும் எதிரொலி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இசக்கிராஜ் வாயைத் திறந்தான். "சுளுக்கு சார்" என்றான்.

"சுளுக்கா? மத்த கை எங்க போச்சு?" பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விளம்பரம் முடிந்தது. மாவட்டம் உள்ளே நிற்பதைப் பிச்சையாவும் பார்த்துவிட்டார். தாளைக் கையில் எடுத்தார். அவர் கண் முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்கு இறங்கியதை இசக்கிராஜ் கண்ணாடி வழியாகக் கண்டான்.

"பனங்காட்டு ஆளு கிடக்கட்டும் வே, அவன் சில்லறை. அவனை விடப் பெரிய கை ஒண்ணு இருக்கு. சுனைக்குளத்துல."

முள் அசையாமல் அதே இடத்தில் நின்றது. அதற்கு ஊர் முக்கியமில்லை. அண்ணாச்சி நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தார்.

மாவட்டத்தின் மூச்சு இசக்கிராஜின் காதில் பட்டது. கையை இறக்கியே வைத்தால் முள் பார்க்க வேறு ஆளை உட்கார வைப்பார்கள். அவன் கையைத் தூக்குவான். பேச்சு திரும்பப் பனையடிப்புதூருக்குப் போகும். சுனைக்குளம் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவனுக்குத் தெரியாது. யோசிக்க நேரம் இல்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருந்தது. அவன் யோசித்தான். யோசித்துவிட்டுத்தான் கையைத் தூக்கினான்.

"செல்லக்கனி" என்றார் அண்ணாச்சி. "சுனைக்குளம் விஏஓ செல்லக்கனி. பேரை எழுதி வச்சுக்கிடும் வே!"

"அப்படிப் போடு" என்று மாவட்டம் அவன் தோளைத் தட்டினார். சுளுக்குத் தோளை.

மறுநாள் காலையில் இசக்கிராஜ் சுனைக்குளத்துக்குப் போனபோது செல்லக்கனியின் வீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடி தெருவில் கிடந்தது. ஒரு ஸ்கூட்டர் எலும்புக்கூடாக நின்றது. உள்ளே கொக்கியில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது, அதற்குள்ளும் கண்ணாடித் துண்டுகள். குழந்தை அப்போது அவள் மடியில் இருந்ததாம். குனிந்து மூடியிருக்கிறாள். அவளுடைய இடது கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கோலத்தின் மேல் கிடந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா வந்தது? ஊர்க்காரங்களா?"

"ஊர்க்காரனா? எங்க ஊர்க்காரன் எதுக்குய்யா அவ வீட்டுல கல்லு விடப் போறான்? நல்ல பிள்ள அவ. ஒரு வேன்ல வந்தாங்க. எல்லாம் கட்சித் துண்டு."

"ரேடியோவுல சொன்னதைக் கேட்டுட்டா?"

"எந்த ரேடியோ?" என்றார் அம்மாள்.

திரும்பும் வழியில் அந்த வேனில் போன பையன்களில் ஒருவனைப் பிடித்தான். போனில் மூன்று ஊர்க்காரனாகப் பேசும் அதே பையன். "நாங்க என்ன செய்ய அண்ணே? ஜனங்க கொதிச்சுப் போய்க் கிடக்காங்க, முள்ளு முட்டிக்கிட்டு நிக்கு, நாம சும்மா இருந்தா நம்மளையே ஒதுக்கிட்டுப் போயிருவாங்கன்னு மாவட்டம் சொன்னாரு. ஜனங்க முன்னாலயே வந்திருப்பாங்கன்னு நெனச்சுத்தான் போனோம். போனா ஒருத்தனும் இல்ல. வந்துட்டமேன்னு..."

கோபமே இல்லாத ஒரு ஊரில், எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் கல்லெறிந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. இசக்கிராஜ் அதற்குப் பிறகு நிலையத்துக்குப் போகவில்லை. யாரும் போன் பண்ணிக் கேட்கவும் இல்லை. கையைத் தூக்க ஆள் கிடைப்பதா கஷ்டம்? அறையிலேயே கிடந்தான். பகலில் தூங்கினான், தூக்கம் வராதபோது நடந்தான்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பனையடிப்புதூருக்குப் பஸ் ஏறினான். டிரைவர் 'கேளும்வே'யைப் போட்டிருந்தார். அவர் கட்சிக்காரராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டான். பஸ்ஸில் யாரும் பேசவில்லை என்பது இறங்கும்போதுதான் உறைத்தது. நிறுத்தத்து டீக்கடையிலும் அதே குரல். வடை போடுகிறவர் கரண்டியை எண்ணெயில் விட்டுவிட்டு நின்றார். தெருவுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வாசலாகப் பிச்சையா அண்ணாச்சி அவனோடு கூடவே நடந்து வந்தார். ஒரு வீட்டில் விட்ட சொல்லை அடுத்த வீட்டில் பிடிக்கலாம்.

அத்தான் கட்டிலில் படுத்திருந்தார். லீவு போட்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவனைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த செல்லக்கனி புள்ள ஒரு பேரைக்கூட வெட்டலடே" என்றார். "அவ பிரசவ லீவுல இருந்தா. சுனைக்குளம் எனக்குத்தான் கூடுதல் பொறுப்பு. ரெண்டு ஊர்ப் பட்டியலும் நான்தான் பாத்தேன். அவளுக்கு எதுக்கு அடிச்சாங்கன்னே தெரியாது."

இசக்கிராஜ் நின்றுகொண்டே இருந்தான். கை இரண்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கின.

"அவ பேரை அந்த ஆளுகிட்ட ஆருடே குடுத்தது?"

"தெரியாது அத்தான்." பெயர் கொடுத்தது அவன் இல்லை. அந்த அளவுக்கு அது உண்மை.

அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. மாடத்தி அதை இறக்கவில்லை. பரணிலிருந்து இறங்கிய ரேடியோ அலமாரியில் அவள் காதுயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. கரண்டியைப் பிடித்தபடி அதன் முன்னால் நின்றாள். வீட்டில் பிள்ளைகள் சத்தம் இல்லை.

"பிள்ளைங்க எங்கக்கா?"

"ஸ்ஸ்" என்றாள்.

அவன் போய் ரேடியோவின் பொத்தானில் விரலை வைத்தான். அவள் கரண்டியால் அவன் கையைத் தட்டிவிட்டாள். விளையாட்டுத் தட்டு இல்லை. புறங்கையில் சுட்டது.

"அணைக்காதல!"

"நீதான் இதைக் கேக்கவே மாட்டியே. தலைவலின்னு சொல்லுவியே."

"கேக்காம? நம்ம பேரைச் சொல்லிட்டான்னா? மொதல்லயே தெரிஞ்சாத்தான பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போவலாம். தெருவே கேக்கு, நான் மட்டும் அணைச்சுட்டுத் தூங்கவா?" அவள் கண்ணை ரேடியோவிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "சாப்பிட்டியால?"

'சாப்பிட்டியா'வில் அதே இழுப்பு இருந்தது. மாடியில் ஒலிபெருக்கியில் கேட்ட குரலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்கப் பார்த்தான். அம்மா இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கேளும்வே!" என்றார் பிச்சையா அண்ணாச்சி. "இன்னைக்கு இன்னொருத்தன் பேரு வந்திருக்கு. ஊரு ஒங்களுக்குத் தெரிஞ்ச ஊருதான். வீட்டு முன்னால..."

நிறுத்தினார்.

மாடத்தியின் கரண்டி அப்படியே நின்றது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, அத்தான் எழுந்து நிற்கிறார். தெருவில் எந்த வீட்டிலும் பாத்திரச் சத்தம் இல்லை. அந்த நிறுத்தம் எதற்கென்று அந்த ஊரிலேயே இசக்கிராஜ் ஒருவனுக்குத்தான் தெரியும். அங்கே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அண்ணாச்சி யாருடைய கையையோ பார்த்துக்கொண்டிருந்தார்.